கையில் தட்டுப்படாத கட்டி: மார்பக அறுவை சிகிச்சைக்கு முன் இடத்தைக் குறிப்பது எப்படி?

"படத்தில் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். நான் எத்தனை முறை தடவிப் பார்த்தாலும் ஒன்றும் தட்டுப்படவில்லையே?" மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறையில் வேலை செய்யும் என்னிடம் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால், மனதுக்குள் இருக்கும் அடுத்த கேள்வியும் வெளியே வரும். "டாக்டர் கைக்கும் தட்டுப்படாதென்றால், அவர் எதை நம்பி வெட்டுவார்?"

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த பெண்களையும் அவர்களோடு அலையும் குடும்பத்தினரையும் மனதில் வைத்து எழுதியது. குறி வைக்கும் முறைகள் ஏழெட்டு இருக்கின்றன. எந்த முறை நவீனம் என்று தேடுவதில் பலர் நேரத்தைச் செலவிடுகிறார்கள். என் கண்ணில், முறையைவிடப் பெரிய விஷயங்கள் இரண்டு. குறி சரியான இடத்தில் விழுந்ததா? வெட்டி எடுத்த திசுவுக்குள் அந்த இடம் வந்துவிட்டதா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் உறுதி செய்யத்தான்.

படத்தைப் பார்த்து நேராக வெட்ட முடியாதா?

முடியாது. மேமோகிராம் எடுக்கும்போது மார்பகத்தை இழுத்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடிக்கிறோம். எம்.ஆர்.ஐ.யில் குப்புறப் படுக்க வைப்பார்கள். மார்பகம் கீழே தொங்கும். ஆபரேஷன் மேசையிலோ மல்லாந்து படுத்திருப்பீர்கள், கையைப் பக்கவாட்டில் நீட்டியிருப்பார்கள், மார்பகம் பரந்து அக்குள் பக்கம் சரிந்திருக்கும். ஒரே புள்ளி மூன்று நிலையிலும் மூன்று இடத்தில் இருக்கும். மார்பகம் பெரிதாக இருந்தால் இந்த வித்தியாசம் சில சென்டிமீட்டர்கூட ஆகலாம்.

தோலைத் திறந்த பிறகாவது கண்ணுக்குத் தெரியுமா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. உள்ளே மஞ்சள் கொழுப்பும் வெண்மையான சுரப்பித் திசுவும் கலந்து கிடக்கும். படத்தில் உப்புத்தூள் தூவியது போலத் தெரிந்த கால்சியம் புள்ளிகள், வெறும் கண்ணால் பார்த்தால் சுற்றியுள்ள திசுவிலிருந்து வேறுபட்டுத் தெரியாது.

மார்பகம் முழுவதையும் எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்பது, இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியானபோது ஐயமின்றி உறுதியானது. கொஞ்சமாக எடுப்பது பாதுகாப்பானது என்றான பிறகு, சரியாக எடுக்க வேண்டிய பொறுப்பு கூடிவிட்டது. அதிகமாக எடுத்தால் மார்பகத்தின் வடிவம் போகும். குறைவாக எடுத்தால் இன்னொரு ஆபரேஷன்.

படி 1: எந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்று முடிவு செய்வது

குறி வைக்கும் டாக்டர் (பெரும்பாலும் மார்பகப் படங்களைப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட்) முதலில் உங்கள் பழைய படங்கள் எல்லாவற்றையும் பார்ப்பார். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். படங்கள், சி.டி., பயாப்ஸி (ஊசியால் துளி திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட், பயாப்ஸி முடிந்தபின் எடுத்த மேமோகிராம் எல்லாம் வேண்டும். எழுத்தில் "மேல் வெளிப்பகுதி" என்றிருப்பதை வைத்து யாரும் ஊசி குத்த முடியாது.

அல்ட்ராசவுண்டில் தெரிந்தால் அதுதான் முதல் தேர்வு. மல்லாந்து படுத்த நிலையிலேயே செய்கிறார்கள், ஆபரேஷன் மேசையிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். அழுத்தம் இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை, ஊசி போவதைத் திரையில் நேரடியாகப் பார்க்கலாம். சிறு கட்டிகள் பலவும் இதில் தெரிந்துவிடும்.

கால்சியம் புள்ளிகளும், திசுவின் அமைப்பு ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டது போலத் தெரியும் மாற்றங்களும் பல சமயம் அல்ட்ராசவுண்டில் பிடிபடாது. அவற்றுக்கு மேமோகிராம் வழிதான்.

எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும் ஒன்று என்றால் வேலை கொஞ்சம் கூடும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, அல்ட்ராசவுண்டை இன்னொரு முறை பொறுமையாகச் செய்து பார்ப்பார்கள். முதல் முறை கண்ணுக்குத் தப்பியது இப்போது தெரியலாம். அப்போதும் தெரியாவிட்டால்தான் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளேயே ஊசி போடும் வேலை.

படி 2: கிளிப் எங்கே இருக்கிறது என்று சரிபார்ப்பது

பயாப்ஸி செய்தபோது, எடுத்த இடத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை விட்டிருப்பார்கள். சில மில்லிமீட்டர் அளவுதான். பெரும்பாலும் டைட்டானியத்தில் செய்தது. வெளியிலிருந்து தெரியாது, உறுத்தாது, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை. ரிப்பன், சுருள், இதயம் என்று பல வடிவங்களில் வருகிறது. ஒரே மார்பகத்தில் இரண்டு இடங்களில் பயாப்ஸி செய்தால் வெவ்வேறு வடிவத்தை வைப்பார்கள், எது எந்த இடம் என்று பின்னால் குழம்பாமல் இருக்க.

இந்தக் கிளிப்பை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். பயாப்ஸியிலேயே கால்சியம் புள்ளிகள் அத்தனையும் வந்துவிட்டால், பிறகு அந்த இடத்தைக் காட்ட வேறு அடையாளமே இருக்காது. ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுக்கப் போகிறார்கள் என்றால் இன்னும் முக்கியம். மருந்து நன்றாக வேலை செய்தால் கட்டி கரைந்து, எந்தப் படத்திலும் தெரியாமல் போய்விடும். நல்ல செய்திதான், ஆனால் கட்டி இருந்த இடத்தை அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? கீமோ தொடங்கும் முன்பே கிளிப் வைத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. கிளிப் நகரலாம். மேமோகிராம் வழி பயாப்ஸியில் மார்பகம் அழுத்தப்பட்டிருக்கும்போது கிளிப்பை விடுகிறார்கள். அழுத்தத்தை எடுத்ததும், ஆர்மோனியத்தின் துருத்தி விரிவது போல மார்பகம் விரியும், கிளிப் ஊசிப் பாதையிலேயே முன்னோ பின்னோ தள்ளிப் போகலாம். அதனால்தான் பயாப்ஸி முடிந்ததும் இரண்டு கோணங்களில் படம் எடுக்கிறோம். கிளிப் 2 செ.மீ. தள்ளியிருக்கிறது என்று தெரிந்தால், குறி வைக்க வேண்டியது பழைய இடத்துக்கு. கிளிப்பை மட்டும் நம்பிக் குறி வைத்தால், கிளிப் வரும், நோய் உள்ளேயே இருந்துவிடும்.

படி 3: முறையைத் தேர்ந்தெடுப்பது

கம்பி

இதுதான் பழையது, இன்றும் உலகில் அதிகமாகப் புழங்குவது. மெல்லிய ஊசிக்குள் தூண்டில் முள் போன்ற நுனியுள்ள கம்பி இருக்கும். ஊசி சரியான இடத்துக்குப் போனதும் கம்பியை விட்டுவிட்டு ஊசியை உருவினால், நுனி விரிந்து திசுவில் மாட்டிக்கொள்ளும். மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சர்ஜன் அதைப் பின்தொடர்ந்து உள்ளே போவார். ஃபிராங்க் என்பவரின் கொக்கிக் கம்பி 1976-இல் வெளியானது. 1980-இல் கோபன்ஸ் என்ற ரேடியாலஜிஸ்ட் அதைத் திருத்தினார். நுனிக்குச் சற்று முன்னால் கம்பியின் ஒரு பகுதியைத் தடிமனாக்கியதால், குறியிட்ட இடத்தை நெருங்கிவிட்டோம் என்பதை சர்ஜனின் விரலே உணர முடிந்தது. 1985-இல் ஹோமர் செய்த வளைந்த நுனிக் கம்பியின் வசதி, இடம் தவறிவிட்டால் மறுபடி ஊசிக்குள் இழுத்து மாற்றி வைக்கலாம் என்பது.

கம்பியின் பலம், விசேஷக் கருவி எதுவும் தேவையில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளையும் வைக்கலாம். பலவீனம், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலையிலேயே வைக்க வேண்டியிருக்கிறது. வெறும் வயிற்றோடு, பயத்தோடு, கம்பியோடு காத்திருப்பது எளிதில்லை. கம்பி நகரலாம், அரிதாக ஆபரேஷனின்போது வெட்டுப்பட்டுத் துண்டு உள்ளே தங்கலாம். தவிர, ஊசி எந்த வழியாகப் போனதோ அது சர்ஜன் வெட்ட விரும்பும் இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கதிரியக்கக் குறிகள்

மிலானில் உள்ள ஐரோப்பியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1996-இல் தொடங்கிய முறை ஒன்று. டெக்னீசியம்-99எம் சேர்த்த புரதத் துகள்களைச் சிறிதளவு கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்துகிறார்கள். ஆபரேஷனில் காமா ப்ரோப்பை (கதிரை உணர்ந்து ஒலி எழுப்பும் கைக்கருவி) மேலே பிடித்தால், எங்கே ஒலி அதிகமோ அங்கே கட்டி. டெக்னீசியத்தின் அரை ஆயுள் (கதிர் பாதியாகக் குறையும் காலம்) 6 மணி நேரம்தான். அதனால் அன்றோ முந்தைய நாளோ போட வேண்டும். திரவம் என்பதால், ஊசி பாலோடும் குழாய்க்குள் போய்விட்டால் பரவிவிடும். குறி மங்கிப் போகும்.

இன்னொன்று அயோடின்-125 அடைத்த டைட்டானியக் குப்பி. சுமார் 4.5 மி.மீ. நீளம், ஒரு சின்ன எறும்பளவு. விதை போல இருப்பதால் சீட் என்றே அழைக்கிறார்கள். அரை ஆயுள் ஏறக்குறைய 60 நாள், எனவே சில நாள் முன்பே வைத்துவிடலாம். அதன் கதிரின் ஆற்றல் டெக்னீசியத்திலிருந்து வேறுபட்டது. அதனால் அக்குள் நிணநீர் முடிச்சுக்கு டெக்னீசியம் போட்டிருந்தாலும் ஒரே ப்ரோப் இரண்டையும் பிரித்துக் காட்டும். சிக்கல் மருத்துவமனையின் தோளில்தான் விழுகிறது: உரிமம், பயிற்சி, ஒவ்வொரு சீட்டும் எங்கே போனது என்ற கணக்கு. ஒன்றுகூடத் தொலையக் கூடாது. கதிரின் அளவு மிகக் குறைவு, வீட்டில் உள்ளவர்களோடு வழக்கம்போல இருக்கலாம். குழந்தையையோ கர்ப்பிணியையோ நெஞ்சோடு சேர்த்து நீண்ட நேரம் வைத்திருக்க வேண்டாம் என்று சில இடங்களில் சொல்வார்கள், அதைப் பின்பற்றுங்கள்.

கம்பியும் கதிரியக்கமும் இல்லாத குறிகள்

கடந்த பத்துச் சொச்ச ஆண்டுகளில் வந்தவை இவை. மூன்றும் சிறு துண்டுகள், முழுவதும் தோலுக்கு உள்ளேயே இருக்கும், நாட்கள் அல்லது வாரங்கள் முன்பே வைத்துவிடலாம், நீங்கள் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆபரேஷன் அன்று காலை ரேடியாலஜி அறைக்கும் தியேட்டருக்கும் நடுவே ஓட வேண்டியதில்லை.

ரேடார் முறையான சேவி ஸ்கௌட்டுக்கு, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் அனுமதி கொடுத்தது. ப்ரோப்பிலிருந்து அகச்சிவப்பு ஒளியும் ரேடார் அலையும் போகும், உள்ளே இருக்கும் சிறு பிரதிபலிப்பான் திருப்பி அனுப்பும், எத்தனை மி.மீ. தூரம் என்று திரையில் தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தை அதிகம் கெடுக்காது. அதன் கொம்புகளில் நிக்கல் கலந்த உலோகம் இருப்பதால், நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். சுற்றிலும் ரத்தம் கட்டினால் சமிக்ஞை மங்கும்.

காந்த முறையான மேக்சீட்டுக்கு 2016-இல் அனுமதி. 5 மி.மீ. நீள எஃகுத் துண்டு. தானாக அது காந்தம் இல்லை. ப்ரோப் அருகே வரும்போது மட்டும் காந்தமாகிப் பதில் கொடுக்கும். சர்ஜனின் எஃகுக் கருவிகளும் அதே ப்ரோப்புக்குக் கேட்கும் என்பதால், தேடும்போது அவற்றை அப்பால் வைக்க வேண்டும், அல்லது பிளாஸ்டிக், டைட்டானியக் கருவிகள் வேண்டும். மிக ஆழத்தில் இருந்தால் பிடிப்பது கடினம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் இந்த ப்ரோப்பைப் பயன்படுத்தக் கூடாது. எம்.ஆர்.ஐ. படத்தில் சில சென்டிமீட்டர் அகலக் கருந்திட்டு விழும். கீமோவின் பலனை எம்.ஆர்.ஐ. வழியாகப் பார்க்கத் திட்டமிருந்தால், அந்த எம்.ஆர்.ஐ. முடிந்த பிறகே இதை வைக்க வேண்டும்.

ரேடியோ அலை முறையான லோக்கலைசருக்கு 2017-இல் அனுமதி. ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் உண்டு. ஒரே மார்பகத்தில் இரண்டு மூன்று இடங்களைக் குறிக்கும்போது, எது எது என்று ப்ரோப்பே சொல்லிவிடும். துண்டு கொஞ்சம் பெரியது, ஊசியும் தடிமன்.

மூன்றுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: ஒருமுறை விட்டுவிட்டால் திரும்ப இழுத்து இடம் மாற்ற முடியாது. தவறான இடத்தில் விழுந்தால் இரண்டாவதாக ஒன்று வைக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட், கரி

ஆபரேஷன் தியேட்டரிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துக்கொண்டே எடுக்கும் சர்ஜன்களும் இருக்கிறார்கள். கட்டி அல்ட்ராசவுண்டில் தெரிந்தால் முன்னதாக எந்த ஊசியும் வேண்டாம். கையில் தட்டுப்படும் கட்டிகளுக்கே இது உதவும் என்று நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் காட்டியது. சர்ஜன் கையால் தடவி எடுத்த பெண்களில் 17 சதவீதம் பேருக்கு, வெட்டி எடுத்த துண்டின் விளிம்பில் நோய் இருந்தது, அல்ட்ராசவுண்ட் வைத்து எடுத்த பெண்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். சர்ஜனுக்கு அந்தப் பயிற்சி இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

கரித்தூள் கலந்த திரவத்தைக் கட்டியிலிருந்து தோல் வரை கறுப்புக் கோடாக விடும் முறையும் உண்டு. செலவு மிகக் குறைவு, வாரக்கணக்கில் முன்பே போடலாம். ஆனால் ஆபரேஷன் நடக்காமல் போனால் அந்தக் கரியே பின்னாளில் கட்டி போலப் படத்தில் தெரிந்து பயமுறுத்தும்.

அப்படியானால் எது நல்லது? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு, கம்பியையும் கதிரியக்க முறைகளையும் ஒப்பிட்டு, ஒன்று இன்னொன்றைத் தெளிவாக மிஞ்சவில்லை என்றது. புதிய குறிகளின் கதையும் இதுவரை அப்படித்தான் தெரிகிறது. வசதியும் நேர ஒழுங்கும் கூடுகின்றன, கட்டியை எடுத்து முடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மருத்துவமனையில் கம்பி மட்டும்தான் இருக்கிறது என்றால் வருத்தப்பட வேண்டியதில்லை. தினமும் கம்பி வைக்கும் கை, மாதம் ஒருமுறை புதுக் கருவியைத் தொடும் கையைவிட நம்பகமானது என்று நான் நினைக்கிறேன்.

படி 4: முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மரத்துப்போகும் ஊசியோ, டேப்போ, நிக்கலோ ஒத்துக்கொள்ளாதா? பேஸ்மேக்கர் இருக்கிறதா? கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா? பாலூட்டுகிறீர்களா? மார்பகத்தில் சிலிகோன் பை வைத்திருக்கிறீர்களா? முன்பு ஊசி குத்தும்போது மயங்கி விழுந்திருக்கிறீர்களா? இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும்.

முன்பக்கம் திறக்கும் தளர்வான உடையில் வாருங்கள். பவுடர், டியோடரண்ட் வேண்டாம், மேமோகிராமில் அவை புள்ளிகளாகத் தெரியும். குறி வைப்பது மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். அன்றே மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து டாக்டர் சொன்ன நேரப்படி வெறும் வயிறு.

படி 5: ஊசி போகும் நேரம்

அல்ட்ராசவுண்ட் வழி என்றால் எளிது. படுக்க வைத்து, தோலைச் சுத்தம் செய்து, மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். சில நொடி எரியும். அப்புறம் அழுத்தம் மட்டுமே தெரியும். ஊசியை நெஞ்சுச் சுவருக்கு இணையாகச் சாய்த்துக் கொண்டுபோவார்கள். நேராகக் குத்தினால் நுரையீரல் உறைவரை போகும் அபாயம் உண்டு. அது மிக அரிது, அரிதாகவே இருப்பதற்குக் காரணம் இந்தச் சாய்வுதான்.

மேமோகிராம் வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். சாதாரணத் தட்டுக்குப் பதில், நடுவே ஜன்னல் வெட்டி ஓரங்களில் எழுத்தும் எண்ணும் பொறித்த தட்டால் மார்பகத்தை அழுத்துகிறோம். கட்டி தோலுக்கு எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஜன்னல் வரும். ஒரு படம் எடுத்தால், கட்டி எந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் நேரே இருக்கிறது என்று தெரியும். அதே புள்ளியில் வெளிச்சக் கோடுகள் சந்திக்கும்படி வைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, குறியூசியை நேராகச் செலுத்துவார்கள். ஊசியின் நிழலும் தலையும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் நேராகப் போகிறது என்று அர்த்தம்.

இப்போது இரண்டு திசை தெரிந்துவிட்டது, ஆழம் மட்டும் தெரியாது. அழுத்தத்தை மெதுவாக விடுவித்து, செங்குத்தான மறுகோணத்தில் அழுத்தி இன்னொரு படம். ஊசி நுனி கட்டியைத் தாண்டி ஏறக்குறைய 1 செ.மீ. இருக்கும்படி சரிசெய்துவிட்டுக் கம்பியை விடுவார்கள். கட்டியிலேயே நிறுத்தாமல் தாண்டிப் போவதற்குக் காரணம், துருத்தி விரிவதைச் சொன்னேனே, அதேதான். விரியும்போது கம்பி பின்னால் நழுவினாலும் கட்டியை விட்டு விலகாமல் இருக்க வேண்டும்.

உட்கார்ந்த நிலையில் இது நடக்கிறது. தலை சுற்றினால், காது அடைத்தால், வியர்த்தால் உடனே சொல்லுங்கள். "தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, ஊசி உள்ளே இருக்கும்போது சாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் நாற்காலியைச் சாய்க்கலாம், ஒரு நிமிடம் நிறுத்தலாம். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

எம்.ஆர்.ஐ. வழியில் குப்புறப் படுத்து, நரம்பில் சாய மருந்து செலுத்தி, கட்டி பளிச்சென்று தெரியும் சில நிமிடங்களுக்குள் இடத்தைக் கணக்கிட வேண்டும். நேரம் போகப் போகச் சுற்றியுள்ள திசுவும் சாயத்தை வாங்கிக்கொள்ளும், வித்தியாசம் மறையும். அதனால் அசையாமல் இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

கால்சியம் புள்ளிகள் பரந்து கிடந்தால் ஒரு குறி போதாது. வயலுக்கு எல்லைக் கல் நடுவது போல, இரண்டு ஓரங்களிலும் அல்லது மூன்று நான்கு ஓரங்களிலும் குறி வைப்பார்கள். சர்ஜன் அவற்றுக்கு இடைப்பட்டதை முழுதாக எடுப்பார்.

படி 6: சரிபார்ப்பும் சர்ஜனிடம் ஒப்படைப்பும்

குறி வைத்ததும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு மேமோகிராம் எடுக்கிறோம். கம்பி கட்டியினூடே போகிறதா, அல்லது எத்தனை மி.மீ. தள்ளி, எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது? அந்த இரண்டு படங்களும் அவற்றில் ரேடியாலஜிஸ்ட் எழுதிய குறிப்பும் தியேட்டருக்குப் போக வேண்டும். "கட்டி கம்பி நுனிக்கு 1 செ.மீ. முன்னால், கிளிப் கட்டிக்கு 5 மி.மீ. கீழே" என்பது போன்ற ஒரு வரி, சர்ஜனுக்கு அரை மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். குறி 1 செ.மீ.க்கு மேல் தள்ளியிருந்தால் மாற்றி வைப்பது அல்லது இன்னொன்று சேர்ப்பது பற்றி யோசிப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்: "குறி சரியாக விழுந்ததா? சர்ஜனிடம் சொல்லியாகிவிட்டதா?"

வெளியே உள்ள கம்பியைச் சுருட்டிப் பஞ்சு வைத்து ஒட்டிவிடுவார்கள். அந்தப் பக்கக் கையை வீசவோ, தலைக்கு மேல் தூக்கவோ வேண்டாம். உடை மாற்றும்போது யாராவது உதவட்டும். கம்பி இழுபட்டது போலத் தோன்றினால் நீங்களே உள்ளே தள்ளவோ இழுக்கவோ கூடாது. நர்ஸிடம் சொல்லுங்கள், இன்னொரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

படி 7: தியேட்டரில், எடுத்த திசுவைப் படம் எடுப்பது

நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது நடப்பது, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. எடுத்த துண்டில் சர்ஜன் நூல் தைத்துத் திசை காட்டுவார். பல இடங்களில் குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம். பிறகு அந்தத் துண்டை அப்போதே எக்ஸ்ரே எடுப்பார்கள். கட்டி அல்லது கால்சியம் தெரிகிறதா, கிளிப் இருக்கிறதா, கம்பியோ சீட்டோ முழுதாக வந்ததா, கட்டி ஓரத்தை ஒட்டி நிற்கிறதா? ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் அப்போதே எடுத்துவிடலாம். தையல் போட்டு முடிக்கும் முன் இந்தப் பதில் தியேட்டருக்கு வந்துவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்த கட்டிகளுக்கு இந்த வசதி இல்லை. வெட்டி எடுத்த துண்டில் ரத்த ஓட்டம் இல்லாததால் சாயம் ஏறாது, எக்ஸ்ரேயிலும் கட்டி தெரியாது. கிளிப்பும் குறியும் வந்ததா என்று மட்டுமே பார்க்கலாம். பயாப்ஸி முடிவோடு, எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் நோயியல் முடிவு பொருந்தாவிட்டால், பின்னர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள்.

அக்குள் முடிச்சுக்கும் இதே வேலை

கீமோவுக்கு முன் அக்குள் நிணநீர் முடிச்சில் (நெறிக்கட்டியில்) நோய் இருந்தது, கீமோவுக்குப் பின் மறைந்துவிட்டது என்றால், அந்த முடிச்சிலும் கிளிப் வைத்திருந்தால் பின்னர் அதைக் குறிவைத்துத் தேடி எடுக்கலாம். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முதல் முடிச்சுப் பரிசோதனை (மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பது) மட்டும் செய்தபோது மிஞ்சிய நோய் கண்ணில் படாமல் போன அளவு 10.1 சதவீதம். கிளிப் வைத்த முடிச்சையும் சேர்த்து எடுத்தபோது அது 2 சதவீதமாகக் குறைந்தது. அக்குளை முழுதாகச் சுத்தம் செய்வதைத் தவிர்க்க முடிந்தால், கை வீக்கம் வரும் வாய்ப்பு குறையும். எனவே கீமோவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: மார்பகத்தில் கிளிப் வைத்தாயிற்றா, அக்குளில் வைத்தாயிற்றா?

படி 8: ரிப்போர்ட் வந்த பிறகு

நோயியல் டாக்டர் துண்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மை தடவி, நோய் அந்த மையைத் தொடுகிறதா என்று பார்ப்பார். பரவும் வகைப் புற்றுக்கு, மையை நோய் தொடாவிட்டால் போதும் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2014 வழிகாட்டுதல். குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்பநிலை நோய்க்கு 2 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று 2016-இல் சொன்னார்கள்.

விளிம்பில் நோய் இருந்தால் மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். இங்கிலாந்தில் 2012-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மார்பகத்தைக் காத்து ஆபரேஷன் செய்துகொண்ட ஐந்து பேரில் ஒருவருக்கு இப்படி ஆனது. உங்களுக்கும் அப்படிச் சொன்னால், யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். படத்தில் தெரிவதைத் தாண்டியும் நோய் மெல்லிய இழைகளாகப் போயிருக்கலாம், அதை எந்தக் கம்பியும் காட்டாது. நுண்ணோக்கிதான் காட்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, என்ன குறி வைத்தார்கள், அது வெளியே வந்ததா, எந்த வடிவக் கிளிப் எந்த இடத்தில், ஏதாவது ஒரு கிளிப் உள்ளேயே விடப்பட்டதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் படங்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்த வருடம் உங்களுக்கு மேமோகிராம் எடுக்கும் என்னைப் போன்ற ஒருத்தி, திரையில் சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்றைப் பார்த்துத் திகைக்கும்போது முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.